கார் சைலன்சர்: பற்றவைத்தால் போதுமா, மாற்றித்தான் ஆகவேண்டுமா?

முத்தையாபுரத்தான் (தூத்துக்குடி) கேட்டது:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

வண்டி 2014 மாடல் வேகன் ஆர், பெட்ரோல். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு முத்தையாபுரம். இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் உப்பளம்தான், வீட்டு இரும்புக் கேட்டே வருஷா வருஷம் பெயின்ட் கேட்கும். காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே ஆபீஸ் போவேன். மொத்தமே இரண்டு மூன்று கிலோமீட்டர். எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். வெளியூர்ப் பயணம் அபூர்வம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி தெருவில் நின்றது. கதவின் அடிப்பக்கம் வரை தண்ணீர். உள்ளே ஏறவில்லை, எஞ்சினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வடிந்ததும் கழுவி, ஆயில் மாற்றி, ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது பிரச்சினை இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் டர்ர் என்று ஒரு சத்தம். எதிர் வீட்டுக்காரர், "டீசல் வண்டிக்கு மாறிட்டீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு. கொஞ்ச நேரம் ஓடினால் குறைகிறது, முழுசாகப் போவதில்லை. புகைக்குழாய் முனையில் தண்ணீர் சொட்டுகிறது. வேகத்தடை ஏறி இறங்கும்போது அடியில் 'டங்' என்று ஏதோ இடிக்கிறது. மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை.

ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்துக் கேட்டுவிட்டு, "முழு செட்டும் போச்சு, முன்னாலிருந்து கடைசி வரை மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு வெல்டிங் கடையில், "கொண்டாங்க, பத்தவச்சுத் தாரேன், ரெண்டு வருஷம் ஓடும்" என்கிறார். இரண்டு பேரும் காரைத் தூக்கிப் பார்க்கவில்லை. இவர்களில் யாரை நம்புவது? தண்ணீர் சொட்டுவது எஞ்சின் கோளாறா?

இன்னொன்று, முக்கியமா என்று தெரியவில்லை. ரயில்வே கேட்டில் ஏசி போட்டு நிற்கும்போது லேசாகப் புகை வாடை வருகிறது. பின்சீட்டில் உட்காரும் மகள் தலைவலிக்கிறது என்கிறாள். காலையில் சாப்பிடாமல் வருவதால் இருக்கலாம்.


குமரி ரைடர் (நாகர்கோவில்):

பத்து நிமிஷ வேலை. பிசைந்து ஒட்டுகிற எபாக்ஸி பசை வாங்கி ஓட்டையில் அப்பிவிட்டு, மேலே தகரத்தைச் சுற்றிக் கம்பி கட்டுங்க. வண்டி விற்கும் வரை ஓடும்.


பட்டறைக்காரர் (பாளையங்கோட்டை):

தம்பி, முக்கியமா என்று தெரியவில்லை என்று சொல்லி ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். சத்தம், தண்ணீர், 'டங்' எல்லாம் அப்புறம்.

புகையில் கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. உங்கள் மூக்குக்கு எட்டுவது கூடவே வரும் மற்ற வாயுக்களின் வாடை. அந்த வாடை வண்டிக்குள் வருகிறது என்றால் இந்த நச்சு வாயுவும் கூடவே வருகிறது. வாடை குறைந்துவிட்டால் இது குறைந்துவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. காரில் போகும்போது தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருத்தல், தூக்கம் சொக்குதல், இறங்கிக் காற்றாட நின்றால் சரியாகிவிடுதல், இது இருந்தால் சாப்பிடாததுதான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். சரிபார்க்கும் வரை பிள்ளையை அதில் ஏற்ற வேண்டாம், ஆட்டோவில் அனுப்புங்கள். நீங்கள் எடுத்தே ஆகவேண்டும் என்றால் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பது கூடவே கூடாது. டிக்கியைத் திறந்து வைத்து நீளமான சாமான் ஏற்றுகிற வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வண்டி ஓடும்போது பின்னால் வெளியேறும் புகையைத் திறந்த டிக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். சைலன்சர் நன்றாக இருக்கிற வண்டியிலும் இது நடக்கும்.

இனி சைலன்சருக்கு வருவோம். நான் பாளையங்கோட்டையில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன், இப்போது மகன் பார்க்கிறான். வருகிறவர்கள் எல்லோரும் சத்தத்தைத்தான் சொல்வார்கள். சத்தத்தை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஓட்டை எந்த இடத்தில், அதைச் சுற்றி இருக்கிற தகடு எவ்வளவு கனம், இந்த இரண்டும் தெரிந்தால்தான் பேசவே முடியும்.

முதலில் தண்ணீர். அது எஞ்சின் கோளாறு இல்லை, பயப்படாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பட்டறையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. மதுரை வரை விரட்டிக்கொண்டு போனால் குழாய் முழுக்கக் கொதித்து அது ஆவியாகவே போய்விடும். உங்களை மாதிரி இரண்டு கிலோமீட்டரில் அணைத்துவிட்டால், எஞ்சினுக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற பின் பாக்ஸ், அதாவது சத்தத்தை அடக்குகிற டப்பா, சூடே ஏறியிருக்காது. ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகத் தங்கிவிடும். வெறும் தண்ணீரும் இல்லை, புகையோடு கலந்து கொஞ்சம் அமிலம். அதனால்தான் கார்களில் கடைசி பாக்ஸ்தான் முதலில் போகும், அதுவும் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே உப்புக்காற்று, உள்ளே இந்தத் தண்ணீர், உங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் அடி.

அந்த பாக்ஸின் அடியில், தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். எல்லா வண்டியிலும் இல்லை, நிறைய வண்டிகளில் உண்டு. தண்ணீர் வடியட்டும் என்று கம்பெனியிலேயே போட்டு அனுப்புவது. இது தெரியாமல் "அண்ணாச்சி, இங்கே ஓட்டை விழுந்திருக்கு, அடைச்சுக் கொடுங்க" என்று வருகிறவர்கள் இன்னும் உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டி என்கிறீர்கள். சேறு உள்ளே போய் அந்தத் துவாரத்தை அடைத்திருந்தால், அதற்குப் பிறகு சேர்ந்த தண்ணீருக்குப் போக வழியே இருந்திருக்காது. என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

பார்ப்பது எப்படி என்றால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பாருங்கள். சூடான குழாயில் கை பட்டால் தோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் கடையில் ராம்ப் இருக்கும், அதில் ஏற்றச் சொல்லுங்கள். வீட்டில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். கையில் ஒரு டார்ச்சும் பழைய ஸ்குரூ டிரைவரும் இருந்தால் போதும்.

முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் குழாயோடு வாருங்கள். பழுப்புத் துரு எல்லா இடத்திலும் இருக்கும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். நீங்கள் தேட வேண்டியது கரி. ஜாயின்ட்டிலோ மடிப்பிலோ காய்ந்த கறுப்புக் கறை விசிறியடித்திருந்தால் அங்கே புகை கசிகிறது. இரண்டு குழாயை போல்ட் போட்டுச் சேர்க்கிற ஃபிளாஞ்ச் ஜாயின்ட்டுக்கு நேர் மேலே காரின் அடித்தகட்டிலும் பாருங்கள், சில சமயம் குழாயில் தெரியாத கறை அங்கே தெரியும்.

பின் பாக்ஸை விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல பாக்ஸ் கனமாக, கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே அரித்துப் போனது, காய்ந்த சுரைக்குடுக்கையில் விதை ஆடுவது போலக் கலகலக்கும். உள்ளே இருக்கிற தடுப்புத் தகடும் துளைக்குழாயும் துரு அடுக்காகப் பெயர்ந்து கிடக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் ஸ்குரூ டிரைவர் முனையால் மடிப்பு ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் அழுத்திப் பாருங்கள். குத்த வேண்டாம், அழுத்தினால் போதும். தகடு அமுங்கினாலோ முனை உள்ளே போனாலோ அந்த பாக்ஸின் கதை முடிந்தது. வெல்டிங் கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

கடைசியாக, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நனைத்து மடித்த கனத்த துணியால் புகைக்குழாய் முனையை இரண்டு மூன்று விநாடி மூடிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் துணியைத் தள்ளிக்கொண்டு வரும், எஞ்சின் திணறும். எங்காவது ஓட்டை இருந்தால் தள்ளல் இருக்காது, ஓட்டை இருக்கும் இடத்தில் புஸ்ஸ் என்று சீறும். இதை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும், திறந்த வெளியில் செய்யுங்கள். வண்டி ஷெட்டுக்குள் வேண்டாம்.

அந்த 'டங்' சைலன்சராகவே இருக்காது, அதைத் தாங்குகிற ரப்பராக இருக்கும். குழாய் முழுக்க ரப்பர் வளையங்களில்தான் தொங்குகிறது. ஒன்று அறுந்தால் பாக்ஸ் ஆடி அடித்தகட்டில் இடிக்கும். சின்னப் பொருள் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு ரப்பர் போனால் அந்தப் பாரம் முழுக்க முன்னால் உள்ள ஜாயின்ட்டில் விழும், அப்புறம் அங்கே விரிசல்.

பற்றவைப்பதா மாற்றுவதா என்று கேட்டீர்கள். குழாயில் வெல்டிங் விட்ட இடத்தில் விரிசல், சுற்றிலும் தகடு கெட்டி: பற்றவைக்கலாம், வருஷக்கணக்கில் நிற்கும். தொங்குகிற கொக்கி ஒடிந்தது: பற்றவைக்கலாம். ஃபிளாஞ்ச் பேக்கிங் போனது: பேக்கிங் மட்டும் மாற்றினால் போதும், வெல்டிங்கே வேண்டாம். ஆனால் பாக்ஸின் மடிப்பில் தகடு காகிதமாகிப் போயிருந்தால் நெருப்பைக் காட்டியதுமே ஓட்டை பெரிதாகும். கெட்டியான இடம் கிடைக்கும் வரை தகட்டைத் தின்றுகொண்டே போக வேண்டியதுதான். எப்படியோ ஒட்டுப் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கலாம். நானும் வாடிக்கையாளர் வற்புறுத்திப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒட்டுக்குப் பக்கத்தில் விழும்.

எங்கே பற்றவைத்தாலும் குழாயைக் கழற்றி இறக்கி, தரையில் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். காரில் இருக்கும்போதே மேலே பார்த்து நெருப்புக் காட்ட விடாதீர்கள். பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. காரில் வைத்தே ஆர்க் வெல்டிங் பிடித்தால், பேட்டரி ஒயரைக் கழற்றாவிட்டால் எலக்ட்ரானிக் பெட்டியும் போய்விடும்.

குமரி ரைடர் தம்பி சொன்ன பசை அந்தச் சூட்டுக்கு நிற்காது. கருகி உதிர்ந்துவிடும். கருகும்போது வருகிற நாற்றமும் உள்ளேதான் வரும்.

முழு செட் விஷயம். எஞ்சினை ஒட்டியிருக்கிற முன்பகுதி எப்போதும் நல்ல சூட்டில் இருப்பதால் தண்ணீர் அங்கே தங்காது. அங்கே துரு அரித்து ஓட்டை விழுவது குறைவு. விலை அதிகம் உள்ளதும் அந்தப் பகுதிதான், புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அங்கே இருக்கிறது. காரைத் தூக்காமலே கணக்குப் போட்டவரிடம் வண்டியை விட வேண்டாம். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.


நாகை கடலோரம் (நாகப்பட்டினம்):

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு பைக், பழைய ஸ்பிளெண்டர், கார்புரேட்டர் மாடல். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கிறது. மெக்கானிக் சைலன்சரை மாற்றச் சொல்கிறார். வெளியே ஓட்டை எதுவும் இல்லை. ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.


பட்டறைக்காரர்:

நாகைத் தம்பி, ஓட்டை இல்லாவிட்டால் சைலன்சரை விட்டுவிடுங்கள். குழாய் எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தில் ஒரு வளையப் பேக்கிங் இருக்கும். அது நசுங்கிப் போனால் ஆக்சிலேட்டரை விடும்போது வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோலைக் குழாயிலேயே எரியவைக்கும். அந்த டப் டப் அதுதான். உங்கள் மாடலில் புகைக்குழாய்க்குக் காற்றுக் கொடுக்கிற ஒரு ரப்பர் ஓஸும் உண்டு. அது வெடித்திருந்தாலும் இப்படித்தான். கார்புரேட்டரில் காற்று அதிகமாகிப் போனாலும் வரும். பேக்கிங்கிலிருந்து ஆரம்பியுங்கள், அதுதான் செலவு குறைந்தது. கழற்றும்போது நட் துருப்பிடித்து இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். துரு இளக்கும் ஆயிலை முந்தின நாளே விட்டு ஊறவையுங்கள். ஸ்டட் ஹெட்டுக்குள் ஒடிந்தால் அலுமினிய ஹெட்டில் துளை போட்டு எடுக்க வேண்டி வரும், சைலன்சர் செலவைத் தாண்டிவிடும்.

ஒரு காலத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கதையே வேறு. டிவிஎஸ் மொபெட், ஆர்எக்ஸ் 100 எல்லாம் ஓட்டை விழுந்து வந்ததைவிடக் கரி அடைத்து வந்ததுதான் அதிகம். பெட்ரோலோடு ஆயில் எரிகிற வண்டி, அதிலும் ஆயிலை அளவில்லாமல் ஊற்றுவார்கள். சத்தம் அமுங்கிப்போய் இழுவையும் போய்விடும். உள்குழாயை உருவி நெருப்பில் காட்டிச் சுரண்டினால் வண்டி புதுசாகிவிடும். இப்போது ஃபோர் ஸ்ட்ரோக்கில் சத்தம் குறைந்து, பிக்கப்பும் செத்துப்போய், ஏற்றத்தில் திணறினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற கல் உடைந்து வழியை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் கூடினால்தான் சைலன்சர் போச்சு என்று இல்லை.


முத்தையாபுரத்தான்:

அண்ணாச்சி, உங்கள் பதிலைப் படித்த மறுநாளே மகளை ஆட்டோவில் அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூட்டிக்கொண்டு வாட்டர் சர்வீஸ் ராம்ப்பில் ஏற்றினோம்.

பின் பாக்ஸின் அடியில் நீங்கள் சொன்ன துவாரம் இருந்தது. சாம்பல் நிறச் சேறு காய்ந்து சிமென்ட் வைத்துப் பூசிய மாதிரி அடைத்திருந்தது. சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினோம். காப்பி நிறத்தில் தண்ணீர் வர ஆரம்பித்து, நிற்கவே இல்லை. கூடவே துரு செதில் செதிலாக விழுந்தது. தட்டினால் கலகலப்பு நன்றாகவே கேட்டது. மடிப்பில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தியதும் உள்ளே போய்விட்டது, அழுத்தினேன் என்று கூடச் சொல்ல முடியாது.

ரப்பர் வளையத்தில் ஒன்று அறுந்து தொங்கியது. இன்னொன்று வெடிப்பு விட்டிருந்தது.

நடுவில் இரண்டு குழாய் சேரும் ஃபிளாஞ்ச்சில், டிரைவர் பக்கம் சுத்தமாக இருந்தது, மறுபக்கம் முழுக்கக் கரி. மேலே அடித்தகட்டிலும் கறுப்பு விசிறி. அது சரியாகப் பின்சீட்டுக்குக் கீழே. அங்கே ஒரு ரப்பர் மூடி, தகட்டில் இருக்கும் துவாரத்தை அடைக்கும் மூடி, வெள்ளத்தில் கழன்று போயிருக்கிறது போல. கார்ப்பெட்டைத் தூக்கினால் ரோடு தெரிகிறது! வாடை வந்த வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

முன்பகுதியில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. சூடு தடுக்கும் தகட்டில் ஒரு போல்ட் மட்டும் தளர்ந்திருந்தது, முடுக்கினோம்.

கடையில் விசாரித்தேன். கம்பெனி பாக்ஸ் ஒரு விலை, லோக்கல் பாக்ஸ் பாதிக்கும் குறைவு. லோக்கல்காரர், "இதுவும் ஸ்டெயின்லெஸ்தான்" என்கிறார். மச்சான் காந்தத்தை வைத்தான், ஒட்டியது. அப்போது ஏமாற்றுகிறாரா?


ஈகோக்காரன் (கோயம்புத்தூர்):

முழு செட் மாற்றச் சொன்ன இடத்தில் பழைய பார்ட்டைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டீர்களா? முன்பகுதிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரிக் கல் இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. பழைய சாமான் சந்தையில் அதற்குத் தனி விலை. குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் ராத்திரியில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சரை மட்டும் கழற்றிக்கொண்டு போன கும்பல்களைப் போலீஸ் பிடித்திருக்கிறது, எல்லாம் அந்தக் கல்லின் பொடிக்காக. அதிலிருந்து நான் என் வண்டியைச் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்துகிறேன். சர்வீஸுக்கு விடும்போதும் சைலன்சரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். கல்லை எடுத்துவிட்டு வெறும் குழாயை மூடிப் பற்றவைத்துக் கொடுத்தால் வெளியே பார்த்து நமக்குத் தெரியாது. புகைப் பரிசோதனையில்தான் மாட்டிக்கொள்வோம்.

அந்த ஒர்க்ஷாப் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. கேட்டு வைப்பது நல்லது, அவ்வளவுதான்.


பட்டறைக்காரர்:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. பட்டறைக்குக் கொண்டு வந்திருந்தால் நானும் இதைத்தான் பார்த்திருப்பேன், அந்த ரப்பர் மூடியைத் தவிர. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

ஆக, மாற்ற வேண்டியது பின் பாக்ஸ், ஃபிளாஞ்ச் பேக்கிங், ரப்பர் வளையம், தரை மூடி. ரப்பரை எல்லா இடத்திலும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்று போனால் மற்றதுக்கும் அதே வயசுதான். தரை மூடி ரொம்ப முக்கியம், சின்னதாயிற்றே என்று மறந்துவிட வேண்டாம். ஃபிளாஞ்ச் போல்ட்டும் ஸ்பிரிங்கும் துருவேறியிருந்தால் அதையும் புதுசாகப் போடுங்கள். பாக்ஸைப் பற்றவைக்கிற பேச்சே வேண்டாம்.

காந்த விஷயத்தில் கடைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை, நம்பவும் வேண்டியதில்லை. சைலன்சருக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் 409 என்கிற ரகம். குரோமியம் 11 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதில் காந்தம் ஒட்டும். மேலே பழுப்பும் படியும், ஆனால் சாதா இரும்பு மாதிரி சீக்கிரம் ஓட்டை விழாது. ஒட்டாதது 304, சமையலறைப் பாத்திர ரகம். அதனால் காந்தம் ஒட்டுகிறது என்பதால் போலி என்றும் சொல்ல முடியாது, அசல் என்றும் சொல்ல முடியாது. கையில் தூக்கிப் பாருங்கள். பழைய பாக்ஸில் துரு உதிர்ந்த பிறகும் புதுசு அதைவிட லேசாக இருந்தால் வாங்காதீர்கள். வெறும் இரும்பில் சில்வர் பெயின்ட் அடித்தது என்றால், மடிப்பின் உள்பக்கம் பெயின்ட் போகாத இடத்தில் விரலை விட்டுத் தேய்த்தால் விரலில் பழுப்பு வரும். அடியில் வடிகால் துவாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். லோக்கல் பாக்ஸ் சிலவற்றில் போடுவதே இல்லை.

உங்கள் ஓட்டத்துக்கும் உங்கள் ஊர்க் காற்றுக்கும், வண்டியை இன்னும் சில வருஷம் வைத்திருப்பதாக இருந்தால் கம்பெனி பாக்ஸே வாங்குங்கள் என்பேன். சீக்கிரம் விற்கிற எண்ணம் இருந்தால் லோக்கலே போதும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஈகோக்காரர் சொன்னது சரி. பழைய பார்ட் உங்கள் பொருள், கேட்டு வாங்குவதில் தப்பில்லை. உங்கள் கேஸில் பின் பாக்ஸில் கல் கிடையாது, வெறும் தகரம்தான். பழைய இரும்புக் கடையில் போடலாம்.


குமரி ரைடர்:

பசை யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், யாரும் அடிக்காதீங்க. என்னிடம் புல்லட் 350 இருக்கிறது. எப்படியும் சைலன்சர் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது, நல்ல 'தம்' உள்ளதாக, சத்தம் கூடுதலாக வருகிற மாதிரி ஒன்று போடலாமா?


பட்டறைக்காரர்:

போடலாம். போலீஸ் நிறுத்தினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும். 175 சிசிக்கு மேற்பட்ட பைக் கம்பெனியிலிருந்து வரும்போதே 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கழற்றுகிற அசல் சைலன்சரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது தேடுவீர்கள். ஆஸ்பத்திரித் தெருவில் குடியிருப்பவன் என்ற முறையில் என் கருத்து வேறு, அதை இங்கே எழுதினால் நிர்வாகி நீக்கிவிடுவார்.


முத்தையாபுரத்தான்:

வேலை முடிந்தது. கம்பெனி பாக்ஸே போட்டாயிற்று. பேக்கிங், ரப்பர், போல்ட், தரை மூடி எல்லாம் புதுசு. முதலில் முழு செட்டுக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. சத்தம் போய்விட்டது. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, முதலில் நான் மட்டும் தனியாகக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். வாடை இல்லை, தலைவலி இல்லை. அப்புறம்தான் மகளை ஏற்றினேன். ஆட்டோவே நன்றாக இருந்தது, பக்கத்தில் தோழி இருந்தாள் என்கிறாள்.

ஒரே ஒரு கேள்வி அண்ணாச்சி. என் ஓட்டம் மாறப் போவதில்லை, பள்ளியும் ஆபீஸும் அங்கேயேதான் இருக்கும். புது பாக்ஸும் இதே மாதிரி அரிக்காமல் இருக்க என்ன செய்வது?


பட்டறைக்காரர்:

வாரம் ஒருமுறை திருச்செந்தூர் போய் வாருங்கள். போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர். முருகனைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பாக்ஸ் காய்ந்த மாதிரியும் ஆச்சு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அரை மணி நேரமாவது நிற்காமல் ஓடினால்தான் பின் பாக்ஸ் சூடேறி உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகும். வாரம் முடியாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது. வீட்டு வாசலில் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது இதற்கு ஈடாகாது. அதில் தண்ணீர் சேரத்தான் செய்யும், பெட்ரோலும் வீண்.

மழைக்காலம் முடிந்ததும் வடிகால் துவாரத்தில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் சில இடத்தில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும், அதில் கழுவுவதற்குக் கழுவாமல் இருக்கலாம். வண்டி சூடாக இருக்கும்போது சைலன்சரில் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள். கழுவி முடித்ததும் துருப்பிடிக்காது என்று சொல்லி அடியில் பழைய ஆயிலை ஸ்பிரே அடிப்பார்கள், குழாயில் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சூடேறியதும் அது புகையும், சில சமயம் பற்றவும் செய்யும்.

புதுப் பேக்கிங் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, வண்டி ஆறின பிறகு ஃபிளாஞ்ச் போல்ட்டை ஒரு சுற்றுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாட்டினவரே காசு வாங்காமல் செய்துகொடுப்பார்.